நாளிதழுக்கும் ஸனது உண்டு

2015 டிசம்பர் 2 ஆம் நாள் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகரிலுள்ள அச்சகத்திற்குத் தொழிலாளர்கள் சென்றுசேர இயலாதவாறு வெள்ளம் சூழ்ந்திருந்தது. 1878 இல் தொடங்கப்பட்ட அவ்விதழுக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை என அதன் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. அன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன.

நாளிதழ் நின்றது, செய்தி நிற்கவில்லை. அந்நாட்களில் கைபேசி வழியே பரவியவற்றுள் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளநீரில் வந்துவிட்டன என்பது. எந்த முதலையும் தப்பவில்லை எனப் பண்ணை நிர்வாகம் மறுக்க வேண்டியதாயிற்று. மறுப்பு வருமுன்பே, அப்பண்ணை எங்கே இருக்கிறது, யார் கண்டார்கள், எவ்விடத்தில் கண்டார்கள் என்று கேட்டிருந்தால் அச்செய்தி அங்கேயே நின்றிருக்கும்.

இக்கேள்விகள் புதியன அல்ல. நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் உஸூலுல் ஹதீஸ் பாடத்தில் நாள்தோறும் கேட்பவையே இவை. ஆனால் கிதாபை மூடிக் கைபேசியைத் திறந்ததும் அந்த அளவுகோலையும் கிதாபுடன் சேர்த்து மூடிவிடுகிறோம். அன்றாடச் செய்திகளையே பாடப்பொருளாக்கி அந்த அளவுகோலைப் பழகச் செய்ய இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டதும் ஊகித்ததும்

திருக்குர்ஆனின் 49:6 வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு பணிக்கிறது. அறியாமையால் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாம் என்பதே அதற்கு அவ்வசனம் கூறும் காரணம். இதைக் கொண்டு, நல்லவர் சொன்னால் விசாரிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்வோர் உண்டு. உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி அம்முடிவைத் திருத்துகிறது.

நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரை மணவிலக்குச் செய்துவிட்டார்கள் என்ற செய்தி மதீனாவில் பரவிற்று. அதை உமர் (ரலி) அவர்களுக்குக் கொண்டுவந்தவர் நம்பகமான அன்ஸாரித் தோழர். பள்ளிவாசலில் மிம்பரைச் சுற்றி மக்கள் அழுதுகொண்டிருந்தார்கள். உமர் (ரலி) அவர்களோ மீண்டும் மீண்டும் அனுமதி கேட்டு, நபியவர்களிடமே நேரில் சென்று வினவினார்கள். இல்லை என்பதே பதிலாயிற்று. நபியவர்கள் ஒரு மாத காலம் விலகியிருந்ததே உண்மை.

இங்கே பொய்யர் எவரும் இல்லை. விலகியிருந்ததை மக்கள் கண்டார்கள். மணவிலக்கு என ஊகித்தார்கள். ஊகமே செய்தியாகிப் பரவிற்று. முதவாதிரான செய்திக்கு அதன் தொடக்கம் கண்டதாகவோ கேட்டதாகவோ, அதாவது புலனால் அறியப்பட்டதாக, இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அறிஞர்கள் விதித்ததன் பொருள் இதுவே. ஊகத்தில் தொடங்கிய செய்தியை ஆயிரம் பேர் சொன்னாலும் அது ஊகமே. ஆகவே செய்தி வகுப்பின் முதற்கேள்வி, ‘இதில் கண்டது எது, ஊகித்தது எது?’ என்பதாக இருக்கட்டும்.

செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் பெய்த மழையின் அளவு அளக்கப்பட்டது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டதும் அரசுக் கணக்கில் உள்ளது. வெள்ளத்திற்குக் காரணம் வரலாறு காணாத மழையா, நீரைத் திறந்துவிட்ட முறையா என்பது அவற்றின் மேல் எழும் தீர்ப்பு. 2018 இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வு அறிக்கை அதனை மனிதத் தவறால் விளைந்த பேரிடராகக் கண்டது. அரசு பெருமழையையே காரணம் காட்டிற்று. அளவையும் தீர்ப்பையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதும்போது வாசகர் தீர்ப்பையும் அளவாகவே எண்ணிவிடுகிறார். ராவி தம் சொல்லை மத்னில் கலந்துவிடுவதை ‘இத்ராஜ்’ என நாம் படிக்கிறோம். நாளிதழில் இத்ராஜைப் பிரித்தெடுப்பது மாணவருக்கு மிகச் சிறந்த பயிற்சி.

நான்கு கருவிகள்

முதலாவது, பலாகத் பாடம். உண்மை, பொய் எனக் கூறத்தக்கது ‘கபர்’. அவ்வாறு கூற இயலாதது ‘இன்ஷா’. கேள்வி இன்ஷா வகையைச் சார்ந்தது. ‘ஏரி உடைந்ததா?’ என்ற தலைப்பைப் பொய்யென்று எவரும் வழக்காட முடியாது. ஆனால் படிப்பவர் நெஞ்சில் அது கபராகவே பதிகிறது. கேள்விக்குறியுடன் வரும் தலைப்புகளைத் திரட்டி, அவற்றைக் கபராக மாற்றி எழுதிப் பார்க்கச் சொன்னால், அதற்குரிய ஆதாரம் உள்ளே இருக்கிறதா என்பது உடனே விளங்கிவிடும்.

இரண்டாவது, ‘ஸீகத்துத் தம்ரீள்’. ஹதீஸ் கலையினர் உறுதியானதை ‘கூறினார்’ என்றும், உறுதியற்றதை ‘கூறப்படுகிறது’ என்றும் அறிவிப்பர். நம் நாளிதழ்களின் ‘தெரிகிறது’, ‘சொல்லப்படுகிறது’, ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்பவை அவ்வினத்தவை. இவற்றைக் கண்டதும் செய்தியைத் தள்ள வேண்டியதில்லை. தரம் குறித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. பத்து இதழ்கள் ஒரு செய்தி நிறுவனத்தின் அறிக்கையையே வெளியிட்டால் அது பத்து ஸனதுகள் ஆகாது. நூறு குழுக்களில் வந்த ஒரே வாட்ஸ்அப் தகவலும் அத்தகையதே. மக்கள் நாவில் புகழ்பெற்ற அறிவிப்பு வேறு, முதவாதிர் வேறு. ஸனதுகள் எந்த ராவியிடம் ஒன்றுசேர்கின்றன என்று தேடும் பழக்கம் இங்கும் வேண்டும்.

நான்காவது, ‘மக்லூப்’. பக்தாத் அறிஞர்கள் இமாம் புகாரி (ரஹ்) அவர்களைச் சோதிக்க நூறு ஹதீஸ்களின் ஸனதுகளை இடம் மாற்றிப் பத்துப் பேர் வழியே முன்வைத்ததும், இமாமவர்கள் ஒவ்வொன்றையும் அதற்குரிய ஸனதுடன் சேர்த்து ஒப்பித்ததும் நாம் அறிந்ததே. பழைய காணொளிக்குப் புதிய ஊரையும் தேதியையும் பூட்டுவது இக்காலத்து மக்லூப். 2018 இல் குழந்தை கடத்தும் கும்பல் பற்றி இந்தியாவில் பரவிய காணொளி ஒன்று, கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படத்தை வெட்டிச் சுருக்கியது. அந்த ஆண்டு மே மாதம், இவ்வகை வதந்திகளால் அச்சம் மேலோங்கியிருந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அதற்காகவே அடித்துக் கொல்லப்பட்டார். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் கொல்லப்படுவதாகப் பரவிய காணொளிகளும் வேறு நிகழ்வுகளைச் சார்ந்தவையே. தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அலுவலர் குழுவை அனுப்பி விசாரித்தது. மேற்கண்ட வசனம் எச்சரிக்கும் தீங்கு எத்தகையது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நமக்கு இனிக்கும் செய்தி

இதுவரை கூறியவற்றில் மாணவர்க்குத் தயக்கம் இராது. 2020 இல் நிஜாமுத்தீன் தப்லீக் ஜமாஅத்தைக் குறிவைத்து ஊடகங்கள் நடத்திய பரப்புரையை அவர்கள் விரைந்து அலசுவார்கள். வெளிநாட்டினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்ட் 21 அன்று ரத்துச் செய்த மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அப்பரப்புரையைக் கண்டித்தது. இந்தியர் 70 பேர் மீதான வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது 2025 ஜூலையில்தான். பழி பரவுவதற்கு நாட்கள் போதும். அது நீங்க ஆண்டுகள் ஆயின.

உண்மையான சோதனை நமக்கு உவப்பான செய்தியில்தான் இருக்கிறது. நிலவில் பாங்கோசை கேட்டு நீல் ஆம்ஸ்ட்ராங் இஸ்லாத்தைத் தழுவினார் என்பதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! காற்றில்லாத நிலவில் ஒலி பரவாது என்ற மத்ன் ஆய்வே அதற்குப் போதும். ஸனதையும் பார்க்கலாம்: அவர் இஸ்லாத்தைத் தழுவவில்லை என அமெரிக்க வெளியுறவுத்துறை 1983 மார்ச்சிலேயே முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்குத் தெரிவித்துவிட்டது. 2012 இல் அவர் மறைந்த பின்னும் கதை மறையவில்லை.

நோக்கம் நல்லதுதானே என்பார்க்கு முஹத்திஸ்கள் முன்பே பதில் கூறிவிட்டார்கள். மர்வ் நகரின் காழியாக இருந்த நூஹ் இப்னு அபீ மர்யம், மக்களைக் குர்ஆன்பால் திருப்பும் எண்ணத்துடன் அத்தியாயங்களின் சிறப்புகள் குறித்து ஹதீஸ்களைப் புனைந்தார் எனக் கலை நூல்கள் பதிவு செய்கின்றன. அவருடைய நோக்கத்தைக் கேட்டபின்னும் அவை ‘மவ்ளூஉ’ பட்டியலிலேயே வைக்கப்பட்டன. தம் தரப்புக்குச் சாதகமான பொய்யைத் தம் கையாலேயே தள்ளிய இந்த நேர்மைதான் அக்கலைக்கு மதிப்பைத் தந்தது. பழிச்செய்தியால் துன்புற்ற சமூகம் அந்நேர்மையை இழந்தால், நாளை தனக்கிழைக்கப்பட்ட உண்மையான அநீதியைச் சொல்லும்போதும் நம்புவார் இரார்.

வகுப்பில் செய்யத்தக்கது

வாரத்திற்கு ஒரு பாடவேளை போதும். ஒரே நிகழ்வைப் பற்றி வெவ்வேறு நாளிதழ்கள் எழுதியதை மாணவரிடம் கொடுத்து, செய்தியாளர் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, அவரே ஊகித்தது என மூன்று பத்திகளில் பிரித்தெழுதச் செய்யலாம். அடுத்த வாரம், மாணவர்க்கு உவப்பான செய்தி ஒன்றை அதே முறையில் ஆராயச் செய்ய வேண்டும். ஆசிரியர் தம் அரசியல் கருத்தை மாணவர்மீது ஏற்றாதிருப்பது இங்கே இன்றியமையாதது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. எதையும் நம்பாதிருப்பது ஆய்வு ஆகாது. முஹத்திஸ்கள் ஐயத்தோடு நின்றுவிடவில்லை. ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் எனத் தரம் பிரித்து, ஏற்கத்தக்கதை ஏற்றார்கள். ‘ஊடகம் எல்லாம் பொய்’ என்று சொல்லும் மாணவர் இன்னும் பாடத்தைத் தொடங்கவேயில்லை. இச்செய்தி எந்த அளவுக்கு நம்பத்தக்கது, எக்காரணத்தால் என்று சொல்லத் தெரிந்தவரே பாடத்தை முடித்தவர். அத்தகையோர் நாளை மிம்பரில் ஏறும்போது அவர்கள் கூறும் செய்திக்கு ஊரில் மதிப்பு இருக்கும்.