பழைய தமிழ்க் கோப்புகளைப் படிக்கும் முறை

தமிழ் பயிலும் மாணவர்க்கு எழுத்தென்பது ஒலிவடிவும் வரிவடிவும் உடையது. கணினியோ அவ்விரண்டையும் அறியாது. அஃது அறிந்தது எண் ஒன்றே. நாம் ‘அ’ என்னும் விசையை அழுத்தினால், அதற்கென முன்னரே வகுத்து வைத்த ஓர் எண்ணைத்தான் அது குறித்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று பலர் கூடிச் செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குறியேற்றம் என்பர். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. முன்னது உடல் எனின், பின்னது அதன்மேற் போர்த்த ஆடை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் தட்டெழுதப்பெற்ற தமிழ்க் கோப்புகள் இன்று திறப்பார்க்கு விளங்காமற் போவதற்குக் காரணம் அதுவே.

நம் மதுரை நகரில் திருமண அழைப்பு முதல் நூல் வரையில் அச்சிட்டுத் தரும் டி.டி.பி. அச்சகங்கள் பல. கடந்த நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அவற்றில் கோக்கப்பெற்ற ஊர் வரலாறுகள், விழா மலர்கள், பள்ளி ஆண்டிதழ்கள், புலவர்தம் தனிப்பாடற்றொகுதிகள் ஆகியவை நெகிழ்வட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் பல வீடுகளிற் கிடக்கின்றன. அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற் குறிகளும் தலைப்பு மேலிட்ட இலத்தீன் எழுத்துகளும் கலந்த குப்பை ஒன்று தோன்றும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று பலர் அதனை எறிந்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது கெட்டதன்று.

இதன் காரணத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1963-இல் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி என்னும் குறியேற்றத்தில் உள்ள இடங்கள் 128. பின்னர் அவை 256 ஆக விரிந்தன. ஆயினும் முற்பாதி ஆங்கிலத்துக்கே உரியது. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். ஆகவே எழுத்துருச் செய்தோர், ஆங்கில எழுத்து இருந்த அறையிலேயே தமிழ் வடிவத்தைக் குடியேற்றினர். யாழ்ப்பாணத் தமிழர் ஆர். முத்தையா 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசை வரிசை அமைத்துத் தந்திருந்தார். அவ்வரிசையில் பழகிய விரல்களுக்கு ஏற்பப் பாமினி முதலிய எழுத்துருக்கள் அமைந்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி என்னும் ஆடை இருக்குமளவும் அது ‘தமிழ்’. ஆடையை நீக்கினால் பொருளற்ற ஆங்கிலம். இதற்காக எழுத்துருச் செய்தோரைப் பழித்தல் தகாது. அவர்கள் அவ்வாறு செய்யாதிருந்தால் அக்காலத்துத் தமிழ் கணினியில் ஏறியே இராது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அறை வகுத்ததே தொல்லையாயிற்று.

இதனைத் தீர்க்க முதலில் முயன்றவர்களுள் கடல் கடந்த தமிழர் பலர். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கி அளித்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்னும் செயலியை இயற்றினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997-இல் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. இணையத்தில் அன்பர் பலர் வாதித்து வகுத்த திஸ்கி ஒருபுறமும், 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக எழுந்த டாம், டாப் என்பவை மறுபுறமும் நின்றன. பொதுவாக இருக்கவேண்டிய குறியேற்றமே மூன்றாயிற்று. தமிழர் ஒற்றுமைக்கு இதுவும் ஒரு சான்று போலும்! இறுதியில் உலக மொழிகள் யாவற்றுக்கும் ஒன்றாக அமைந்த யூனிக்கோடே நிலைத்தது. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே, இந்திய அரசின் இஸ்கி முறையை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றிருந்தன. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே சாதாரண வீட்டுக் கணினிகளில் அது புழங்கத் தொடங்கிற்று. தமிழ்நாட்டரசு 2010 சூன் திங்களில் அதனைத் தரமாக ஏற்று ஆணையிட்டது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை ஈண்டுக் குறிப்பிடாமல் விடலாகாது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் தட்டெழுதி இலவசமாக வழங்கும் அத்திட்டம் நம் நகரின் பெயரைத் தாங்கியிருப்பினும் இங்குத் தோன்றியதன்று. மேற்கூறிய கல்யாணசுந்தரமும் வெளிநாடுகளில் வாழ்ந்த அன்பரும் தோற்றுவித்தது. அதன் நூல்கள் முதலிற் பழைய எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கியிலும், அதன்பின் யூனிக்கோடிலுமாக உடை மாற்றிக்கொண்டே வந்தன. அவ்வாறு மாற்றியோர் இருந்தமையின் அவை பிழைத்தன. வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் கோப்புக்கு அத்தகைய துணை இல்லை.

நிற்க. என் தாய்வழிப் பாட்டனார் உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியராக இருந்தவர். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்றிவ்வாறு சுற்றுப்புறத்து ஊர்களிற் கேட்டெழுதிய பாடல்கள் ஏறத்தாழ இருநூற்றை 1999-இல் மதுரை அச்சகம் ஒன்றிற் கொடுத்துக் கோக்கச் செய்தார். பொருள் முட்டுப்பாட்டால் நூல் வெளிவரவில்லை. எழுதிய ஏடுகளைக் கறையான் தின்றது; அச்சகமும் பின்னர் மூடப்பட்டது. எஞ்சியவை மூன்று நெகிழ்வட்டுகள். சென்ற கோடை விடுமுறையில் என் மாமன் மகனும் யானும் அவற்றை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். கீழே சொல்லும் முறைகள் யாவும் அவ்வேலையிற் கைக்கொண்டவையே.

முதலாவது, மூலத்தைத் தொடலாகாது. நெகிழ்வட்டைப் படிக்கும் சிறு பெட்டிகள் யூ.எஸ்.பி. வழியாக இணைக்கத்தக்கனவாக இன்றும் கிடைக்கின்றன. வட்டின் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தி, எழுத இயலாதவாறு செய்தபின்னரே உள்ளே இடவேண்டும். படித்தவற்றை உடனே இரண்டு இடங்களிற் படியெடுத்து, ஒரு படியை அப்படியே மூடி வைத்துவிட்டு, மற்றொன்றிலேயே வேலை செய்தல் வேண்டும். எங்கள் வட்டுகளுள் இரண்டு முழுதும் படிக்க வந்தன. மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது. ஒப்பாரிப் பாடல்கள் சில அதனோடு போயின. அவற்றைப் பாடிய அம்மையார் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். ஆயினும் இருபத்தைந்து ஆண்டுக்கு முன் பாட்டனார் கேட்டதும் அவர் இன்று பாடுவதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கில்லை.

இரண்டாவது, கோப்பின் இனம் அறிதல். அக்கால அச்சகங்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்னும் செயலியையே கையாண்டன. அது கைவிடப்பட்டு நெடுநாளாயிற்று. எனினும் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறக்கவல்லதாக இருக்கிறது. திறந்தவுடன் எழுத்துருவின் பெயர் எங்கேனும் தென்படும், அதனைக் குறித்துக்கொள்க. அவ்வெழுத்துரு கையில் இருந்தால் நல்லூழே. முதலிற் பக்கங்களை அவ்வடிவிலேயே பி.டி.எப். ஆக்கிவிடுக. பின்னர் என்ன நேரினும் கண்ணாற் படிக்கத்தக்க ஒரு படி கையில் இருக்கும்.

மூன்றாவது, மாற்றுதல். என்.எச்.எம். மாற்றி, சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி ஆகியவை பெயர்பெற்ற பழைய குறியேற்றங்கள் பலவற்றை யூனிக்கோடாக்கும். முழுக் கோப்பையும் ஒருசேர இடாமல், நாம் முன்பே அறிந்த ஒரு வரியை இட்டுச் சோதித்தல் நலம். பாட்டுத் தொகுதியாயின் ‘தாலாட்டு’ என்னும் தலைப்பு எங்கேனும் இருக்குமன்றோ? அச்சொல் சரியாக வந்தால் பாதை சரி.

மாற்றியபின் வரும் பிழைகளைக் களைவதிலேதான் தமிழ் மாணவனுக்கு வேலை இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே நிற்கும். ‘கெ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னும் ககரம் பின்னும் ஆம். தட்டெழுத்துப் பொறியின் மரபு அது. யூனிக்கோடிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்றல் வேண்டும். மேலும் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் பழைய எழுத்துருக்களில் ஒரே வடிவின. ஆதலின் அறிவு குறைந்த மாற்றிகள் ‘வெ’ என்பதன் பின் ளகரத்தைக் கண்டவுடன் அதனை ‘வௌ’ என்று கொண்டுவிடும். ‘வெள்ளை’ என்பது ‘வௌ்ளை’ என்றும், ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ என்றும் இணையத்திற் பல்லாயிரம் இடங்களில் உலவுவது இதனாலேயே. பார்வைக்கு வேறுபாடு மிகச் சிறிது; ஆனால் ‘வெள்ளை’ என்று தேடுபவனுக்கு அவ்வரி அகப்படாது. இதற்கு மறுதலையாக, ‘ஔவை’ என்பது ‘ஒளவை’ என்று ஒகரமும் ளகரமுமாக நிற்றலும் உண்டு. இரண்டு உயிர்க்குறி ஒரு மெய்யின்மேல் வருதலோ, உயிர்க்குறியின்மேற் புள்ளி ஏறுதலோ தமிழில் இல்லை. ஆகவே அத்தகைய இணைகளைத் தேடிப் பிடித்தாலே பெரும்பாலான பிழைகள் வெளிப்படும்.

‘கொ’ என்பதன் குறியை ஒன்றாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிக்கோடு கூறினும், எளிய தேடற்கருவிகள் வேறாகவே கொள்ளும். இவற்றை ஒருமைப்படுத்தும் வசதி பைத்தான் முதலிய நிரல்மொழிகளில் உண்டு. அகரவரிசைப்படுத்தலிலும் எச்சரிக்கை வேண்டும். யூனிக்கோட்டு எண் வரிசையில் ஆய்தம் அகரத்துக்கு முன் நிற்கிறது; னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன; புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின். எண் வரிசையை நம்பிச் சொல்லடைவு ஆக்குவோர் நெடுங்கணக்கைப் பிறழ்த்துவர்.

‘தமிழ்’ என்பது இலக்கணத்தில் மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறி. யாப்பிற் பழகும் நண்பர்க்கு இதிலும் ஒரு பயன் உண்டு. கட்டளைக் கலித்துறையில் நேர் முதலாயின் அடிக்குப் பதினாறும், நிரை முதலாயின் பதினேழும் எழுத்து வருதல் வேண்டும். ஒற்றுக்கள் கணக்கிற் சேரா. உயிர்களையும் மெய்களையும் எண்ணி, அத்தொகையிலிருந்து புள்ளிகளின் தொகையைக் கழிக்க. உயிர்க்குறிகளையும் ஆய்தத்தையும் எண்ணாது விடுக. எஞ்சுவதே எழுத்தெண்ணிக்கை. ‘தமிழ்’ என்பதில் எழுத்து மூன்று, புள்ளி ஒன்று, ஆகவே இரண்டு. நான்கைந்து வரியில் இந்நிரலை எழுதிவிடலாம். ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் தொகுதியில் எழுத்துகளைப் பிரிக்கும் கருவிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. மேற்கூறிய ‘ஒளவை’ப் பிழை எங்கேனும் எஞ்சியிருந்தால் மட்டும் எண்ணிக்கை ஒன்று மிகும்.

புதிதாகத் தட்டெழுதுவோர் தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றல் நன்று. உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த அதில் 31 விசைகளால் 247 எழுத்தும் எழுதலாம். ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேற் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அவ்வாறே. இன எழுத்தென்பதை ஏட்டிற் படித்தவனுக்கு இதனைக் கற்க இரண்டு வாரம் மிகுதி. ஆங்கில ஒலிப்படி எழுதும் முறை தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினும், லகர ளகர ழகரங்களுக்கு விரல் தடுமாறும் என்பது எம் கருத்து. எழுதியதை அலங்காரமற்ற வெற்று உரையாக யூ.டி.எப்-8 முறையில் ஒரு படி சேமிக்க. செயலிகள் மறையினும் அது படிக்க வரும்.

இனி, எந்த மாற்றிக்கும் அகப்படாத எழுத்துருவானால் என் செய்வது? எங்கள் பாட்டனார் கோப்பு அத்தகையதே. எழுத்துருக் கோப்பு மட்டும் அந்த வட்டிலேயே இருந்தது. விண்டோஸில் உள்ள எழுத்துப் பட்டியலில் அதனைத் திறந்து, எந்த எண்ணில் எந்த வடிவம் என்று தாளில் அட்டவணை எழுதினோம். ஏறத்தாழ நூற்றறுபது வடிவங்களுக்கு இரண்டு மாலைப்பொழுது சென்றது. அவ்வட்டவணையைக் கொண்டு ஒவ்வோர் எண்ணையும் யூனிக்கோடாக மாற்றும் நிரல் சிறியதே. அதில் வரிசை ஒன்றே முக்கியம். கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்து நிற்கும் ‘கொ’, ‘கோ’ போன்ற மூவிணைகளை முதலில் மாற்றுக. கொம்பும் மெய்யுமாகிய ஈரிணைகளை அடுத்து மாற்றுக. தனி வடிவங்களை இறுதியில் மாற்றுக. வரிசை மாறினால் ‘கொடி’ என்பதன் உயிர்க்குறி ஒன்றாக அமையாமல், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரிந்து நிற்கும்.