டயாலிசிஸுக்குப் பின் இதயத்துடிப்பு: மலைவாழ் நோயாளிகள் அறிய வேண்டியவை

சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் இரண்டு மூன்று நாட்களாகச் சேர்ந்த பொட்டாசியத்தையும் நீரையும் டயாலிசிஸ் இயந்திரம் நான்கு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறது. இரவும் பகலும் சிறுகச் சிறுக நடக்க வேண்டிய வேலை இது. இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்தூண்டலோ ரத்தத்தில் உள்ள பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் அளவைப் பொறுத்தது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருப்பது இயல்பு. அது மிகுந்தால் துடிப்பு மந்தமாகி நின்றும் போகலாம். வேகமாகக் குறைந்தால் தாறுமாறாகும். நீர் மளமளவென்று எடுக்கப்படும்போது ரத்த அழுத்தமும் இறங்கி, இதயத்தசைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் குறைகிறது.

துடிப்பு எந்த நேரத்தில் பிசகுகிறது என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 66 பேரின் மார்புத்தோலுக்கு அடியில் சிறு பதிவுக் கருவியை வைத்து ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. கடுமையான பிசகுகளில் பெரும்பாலானவை படபடப்பு அல்ல, துடிப்பு மிகவும் மெதுவாவதுதான் என்று அது காட்டியது. அடுத்த டயாலிசிஸுக்கு முந்தைய 12 மணி நேரத்திலும், குறிப்பாக நீண்ட இடைவெளியின் இறுதியிலும், வாரத்தின் முதல் டயாலிசிஸின்போதும் ஆபத்து கூடியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று முறை வைத்திருப்பவருக்கு அது ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும். நம் ஊரில் பலர் வாரத்துக்கு இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வாரம் முழுவதுமே நீண்ட இடைவெளிதான்.

டயாலிசிஸ் முடிந்து ஊசியைக் கழற்றியவுடன் உடல் தேறிவிடுவதும் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் தாழ்ந்திருப்பது அப்போதுதான். அடுத்த சில மணி நேரத்தில் உயிரணுக்களுக்குள்ளிருந்து பொட்டாசியம் வெளிவந்து அளவு ஓரளவு ஏறும். ‘டயாலிசிஸ் முடிந்து தேற எவ்வளவு நேரம் ஆகிறது?’ என்ற ஒரே கேள்வியைச் சுமார் 6,000 பேரிடம் கேட்ட பன்னாட்டு ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. மூன்றில் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குள் தேறினார். பத்தில் ஒருவருக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நேரம் நீண்டவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் அதிகம். ஆகவே அசதியை ‘டயாலிசிஸ் என்றால் அப்படித்தான்’ என்று தள்ளிவிடக் கூடாது. எத்தனை மணிக்கு எழுந்து நடமாட முடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுவது செலவில்லாத பரிசோதனை.

டயாலிசிஸுக்கு மலை இறங்கிப் போய்த் திரும்பும் பழனி மலைத்தொடர்வாசிக்கு அந்தத் தேறும் நேரம் பெரும்பாலும் மலைப்பாதையில் கழிகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவர் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் கடக்கிறார். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாது. ஆனால் சிறுநீரக நோயால் ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு, ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரத்தில், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேலும் வளைவுகள் உண்டு. வாந்திக்குப் பயந்து கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஒண்டான்செட்ரான், டொம்பெரிடோன் இரண்டும் இதயத்தின் மின்சுழற்சியை நீட்டக்கூடியவை. பொட்டாசியம் தாழ்ந்திருக்கும் வேளையில் அவற்றை விழுங்குவது வினையாகலாம். எந்த மாத்திரை சரி என்று டயாலிசிஸ் மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

உணவுக் கட்டுப்பாட்டுத் தாள்களில் வாழைப்பழம், இளநீர் என்று பொதுவாக எழுதியிருக்கும். இந்த மலையின் விளைச்சல் அதில் இருக்காது. புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலைவாழை, பட்டர் ஃபுரூட் என்று விற்கப்படும் வெண்ணெய்ப் பழம், மலை உருளைக்கிழங்கு ஆகிய மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். மலைவாழையோடு வெல்லமும் பேரீச்சையும் சேர்ந்த பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரசாதம் என்றால் விரல்நுனியளவு போதும். உருளையை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஓரளவு குறையும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் அவை அறவே கூடாது. குளிரில் வியர்வை குறைவு, சூடான காப்பியும் டீயும் அதிகம். மார்கழி, தை மாதங்களில் உடல் எடை இடைவெளியில் கூடுதலாக ஏறுவதற்கு இதுவே காரணம்.

எடை ஏறினால் இயந்திரம் அதிக நீரை எடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் எடுத்தால் இதயத்துக்குக் கேடு கூடுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 3.1 லிட்டர்தான் வரம்பு. அதைத் தாண்டினால் நேரத்தை நீட்டித்தரக் கேட்கலாம். பஸ்ஸைப் பிடிக்க அரை மணி முன்னதாக நிறுத்தச் சொல்லும் நோயாளிகளே அதிகம் என்பதுதான் சங்கடம். டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியம் எவ்வளவு வைக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் குறைவான திரவம் திடீர் இதயநிறுத்த ஆபத்தைக் கூட்டுவதாக அறியப்பட்டிருக்கிறது.

தலைசுற்றி மயங்குதல், மார்பை அடைத்தல், ஓய்விலும் அடங்காத படபடப்பு, நாடி மிகவும் மெதுவாதல், கால்கள் துவண்டு எழ முடியாமை ஆகியவை வந்தால் வீடு போய்ச் சேர்வதைப் பற்றி யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். வழியில் உள்ள எந்த மருத்துவமனையிலும் முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் நோயாளி என்பதையும் கடைசி டயாலிசிஸ் எப்போது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அவசர நிலையில் உள்ளவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

மலையில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ சாலை அடைபடுவது ஆண்டுதோறும் நடப்பது; 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலையும் விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும் பொடியை மருத்துவர் சீட்டுடன் வீட்டில் வைத்திருப்பதும், நீரையும் பழத்தையும் அன்றே சுருக்கிக்கொள்வதும் அவசியம். இந்தத் தொல்லைக்கே மாற்று, வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸ். நாள்தோறும் மெதுவாக நடப்பதால் பொட்டாசியத்தின் ஏற்ற இறக்கம் குறைவு, மலை இறங்கவும் வேண்டாம். தொற்று வராமல் கைசுத்தத்தோடு செய்யக்கூடிய வீட்டுக்கு இது பொருந்தும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. இவ்வளவு பொருத்தமான வழி மலைக்கிராமங்களில் இன்னும் பரவலாகப் பேசப்படாதது விந்தைதான்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை; டயாலிசிஸும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று ஆட்சியர் அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். கட்டணமில்லாத் தகவல் எண் 1800 425 3993. டயாலிசிஸுக்காக ரயிலில் செல்வோருக்கும் துணைவருபவருக்கும் தூங்கும் வசதிப் பெட்டியில் 75 சதவீதச் சலுகை உண்டு.

சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. எடை, எடுத்த நீர், ரத்த அழுத்தம், திரவத்தின் பொட்டாசியம் ஆகியவை அதில்தான் இருக்கும். காப்பீட்டுப் பட்டியலில் உள்ள மருத்துவமனை தனியே பணம் கேட்டால் முதலில் மேற்கண்ட எண்ணிலும், பிறகு மாவட்ட ஆட்சியரிடமும் புகார் செய்யலாம். கவனக்குறைவால் கேடு நேர்ந்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது. காப்பீடு பணம் செலுத்தும் தனியார் சிகிச்சை வரும் என்பது 1995-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தெளிவு.