பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? டி.சி. வாங்கும் முன் ஒரு கணக்கு

பத்தாவது ரிசல்ட் வந்ததும் நம்ம தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு இதே கேள்விதான்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்: கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். கட்-ஆஃப் 200, அதில் கணிதத்துக்கு மட்டும் 100.

மருத்துவம்: இயற்பியல், வேதியியல், உயிரியல். கூடவே நீட். கணிதம் தேவையில்லை.

நம்ம ஊர் மீன்வளக் கல்லூரி: உயிரியல் கட்டாயம். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும்.

கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் மூன்று வழியும் திறந்திருக்கும்.

இப்போ பணத்துக்கு வருவோம். 6 முதல் 12 வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-லும், இன்ஜினியரிங், மீன்வளம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும்.

"ரெண்டு வருஷம்தானே"ன்னு நகையை அடகு வைத்துப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்தச் சலுகை போச்சு. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினாலும் அப்படித்தான்.

அதனால, நீங்க கேட்கிற குரூப் இந்தப் பள்ளியில் இல்லையென்றால், முதலில் பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரிங்க. டி.சி. வாங்குறது அப்புறம்.