அனுமதி வேறு, அங்கீகாரம் வேறு: அமெரிக்கப் படிப்பும் ஆந்திர மாணவர்களும்

புது தில்லி: ராகு, கேது பரிகாரத்துக்கு நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் வந்துபோகும் ஊர் காளஹஸ்தி. அங்கும், அருகிலுள்ள திருப்பதி, சித்தூர் நகரங்களிலும், பொறியியல் முடித்த பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்புவது நடுத்தரக் குடும்பங்களின் கனவாகிவிட்டது. நிலத்தை விற்றோ, வங்கிக் கடன் வாங்கியோ அனுப்பும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி: "அரசு அங்கீகாரம் பெற்ற கல்லூரிதானே?" இங்கு நியாயமான இக்கேள்விக்கு அமெரிக்காவில் ஒற்றைப் பதில் கிடையாது.

பல்கலைக்கழக மானியக் குழுவைப் போன்ற மத்திய அமைப்பு அங்கு இல்லை. கல்லூரி நடத்த உரிமம் தருவது மாநில அரசு. தரத்தைச் சோதித்து அங்கீகரிப்பவை தனியார் அமைப்புகள். அவற்றில் ஏற்கத்தக்கவை எவை என்பதை மட்டும் மத்திய கல்வித் துறை பட்டியலிடுகிறது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதிப்பதோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அந்த அனுமதி பெற்ற கல்லூரி 'ஐ-20' படிவம் தந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் வந்த அன்றே நம் வீடுகளில் இனிப்பு வழங்கிவிடுகிறார்கள். ஆனால், அது கல்லூரியின் தரத்துக்குச் சான்று அல்ல.

கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில் இயங்கிய டிரை-வேலி பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தது. தர அங்கீகாரம் இல்லை. 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனையிட்டபோது, அதன் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தைச் சேர்ந்தவர்கள் எனத் தெரியவந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பதாகப் பதிவு. பாடங்களோ பெரும்பாலும் இணையவழியில். மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒரு பருவத்தில் ஓர் இணையவழிப் பாடமே கணக்கில் சேரும் என்பது விதி. மாணவர்கள் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டதை இந்தியா கண்டித்தது. பல்கலைக்கழகத்தை நிறுவிய சூசன் சூவுக்கு 2014-இல் 16 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அடுத்தது இதைவிட விசித்திரமானது. மிச்சிகன் மாநிலத்தில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் ஒன்றை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே ரகசியமாக நடத்தியது. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. தர அங்கீகார அமைப்பு ஒன்றின் பட்டியலில் மட்டும் பெயர் இருந்தது. 2019 ஜனவரியில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். வகுப்பே இல்லாத இடத்தில் சேர்ந்தவர்கள் தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்றது அமெரிக்கத் தரப்பு. ஆள் சேர்த்த முகவர்கள் எட்டுப் பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மாணவர்களைக் கண்ணியமாக நடத்துமாறு வலியுறுத்தி வெளியுறவு அமைச்சகம் 2019 பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்கத் தூதரகத்திடம் முறைப்படிக் குறிப்பு அளித்தது. கட்டணத்தைத் திரும்பக் கோரும் வழக்கு தொடர்ந்து நடைபெறலாம் என 2024 ஜூனில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கே ஐந்து ஆண்டுகள் ஆயின.

கனடாவில் கல்வி மாகாணங்களின் பொறுப்பு. மாகாணம் குறிப்பிட்ட கல்லூரியில் இடம் கிடைத்தால் படிக்க அனுமதி பெறலாம். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தாது. முகவர் தந்த சேர்க்கைக் கடிதம் போலியானது என்பது, பல ஆண்டுகள் கழித்து, 2023-இல் நாடு கடத்தல் நோட்டீஸ் வந்தபோதுதான் பஞ்சாப் மாணவர்கள் பலருக்குத் தெரிந்தது.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3.31 லட்சத்துக்கும் அதிகம். சீனாவை முந்திய எண்ணிக்கை. இவர்களில் கணிசமானோரை அனுப்பிவைப்பவர்கள் கல்வி ஆலோசகர்கள். வளைகுடாவுக்குக் கொத்தனாரை அனுப்பும் முகவர் பதிவு செய்து, பிணைத்தொகை கட்ட வேண்டும் என்கிறது நாடாளுமன்றம் 1983-இல் இயற்றிய குடியேற்றச் சட்டம். மாணவரை அனுப்பும் ஆலோசகர் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. காளஹஸ்தியில் அவர் பெயர்ப்பலகை மாட்ட, தில்லியில் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.