எண்ணும்மையும் யப்பானிய ‘மொ’வும்: நமுனுகுலவிலிருந்து ஒரு குறிப்பு

பொருள்களை அடுக்கிக் கூறும் முறை இலக்கணத்தின் சிறியதொரு கூறாகவே கருதப்பட்டு வந்துள்ளது. எனினும், தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டு என நிறுவ முயன்றோர் காட்டிய சான்றுகளுள் இதுவும் இடம்பெற்றது. யப்பானிய மொழியியலறிஞர் சுசுமு ஓனோ 1980களில் இக்கருத்தை விரிவாக முன்வைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவ்வாய்வில் அவரோடு இணைந்து உழைத்தனர். நூற்றுக்கணக்கான சொற்களோடு இடைச்சொற்களையும் ஒப்பிட்ட ஓனோ, நமது ‘உம்’முக்கு இணையாகக் காட்டியது ‘மொ’ என்பதனையாகும்.

இவ்வொற்றுமை மேலோட்டமானதன்று. யப்பானியர் பட்டியலிடுகையில் இடைச்சொற்களால் நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டுவர். ‘ஒச்சா தொ சத்தோ’ எனின், தேநீரும் சீனியும், அவ்விரண்டே. ‘ஒச்சா ய சத்தோ’ எனின், தேநீர், சீனி முதலியன. பட்டியல் இன்னும் மூடப்படவில்லை. ‘ஒச்சா மொ சத்தோ மொ’ என்னும்போதோ இடைச்சொல் பெயர்தோறும் வந்து, இதுவும் உண்டு, அதுவும் உண்டு என அழுத்துகிறது. தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் எண், எச்சம், சிறப்பு, முற்று ஆகிய நான்கினையேனும் ‘மொ’ தாங்கி நிற்கக் காணலாம். ‘தரெ’ என்பது யார். ‘தரெ மொ இனய்’ என்பது யாரும் இல்லை. இதனைக் கண்டதும் பழம்பெருமை பேசுவோர் குருதியுறவு கொண்டாடத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஆயின், யப்பான் வரை செல்லுமுன் நமுனுகுல மலைச்சாரலில் சற்றே நின்று செவிமடுத்திருக்கலாம். ‘ஒன்பது சிகரம்’ எனப் பொருள்படும் அப்பெயரே சிங்களப் பெயர். தேயிலைத் தோட்டங்களை அடுத்துள்ள கிராமங்களில் வாழும் சிங்கள விவசாயி ‘அம்மத் தாத்தத்’ என்பார். அம்மாவும் அப்பாவும் என்பது பொருள். ‘மம’ என்றால் நான், ‘மமத்’ என்றால் நானும். ‘கவுரு’ என்பது யார். ‘கவுருத் நே’ என்பது யாரும் இல்லை. பெயர்தோறும் ஒட்டுதல், எச்சப்பொருள் தருதல், வினாப்பெயரோடு கூடி முற்றுப்பொருள் தருதல் ஆகிய மூன்றும் அங்கு அப்படியே உள. சிங்களமோ இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. வடமொழியின் ‘ச’வும் பெயர்தோறும் அடுக்கி வரவல்லது, கொரிய மொழியின் ‘தொ’வும் அத்தகையதே.

எனவே இங்கு நாம் காண்பது மொழிகளின் வகைமை ஒற்றுமையே. சிங்களத்தைப் பொறுத்தவரை நீண்டகால அயலுறவின் பங்கும் இருத்தல் கூடும். ஒரே மூலத்திலிருந்து பிறந்தமையை நிறுவ, சீரான ஒலியொப்புமைகள் வேண்டும். ஓனோ காட்டியவற்றில் அச்சீர்மை போதாது என்பதனாலேயே வரலாற்று மொழியியலாளருட் பெரும்பாலோர் அவரது கருதுகோளை ஏற்கவில்லை. 2008இல் மறைந்த அவ்வறிஞரின் உழைப்பு மதிப்பிற்குரியது என்பது வேறு. நமது தமிழ்ப்பற்று, கடல்கடந்த உறவினரைத் தேடிய அதே காலத்தில், வேலிக்கு அப்பாலிருந்து கேட்ட ‘உம்’மைக் கவனிக்கத் தவறியது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தோட்டத் தமிழும் அவ்வாறே கவனிக்கப்படாதது. ‘அரிசி கிரிசி வாங்கணும்’ என்று தொழிலாளி கூறும்போது, யப்பானியர் ‘ய’வினால் செய்யும் வேலையையே எதிரொலிச் சொல்லால் செய்கிறார். இதனை எண்ணின்பாற்படுத்திய இலக்கண நூலை யான் கண்டதில்லை.

பெரட்டுக்களத்தில் நிகழ்வதோ வேறொரு வகை எண். கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்துப் பெயர்களை உருபேதுமின்றி அடுக்கி, கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர் எனத் தொகையில் முடிப்பார். இது செவ்வெண். செவ்வெண் தொகைபெற்றே முடியும் என்றும், உம்மையெண் தொகையின்றியும் அமையும் என்றும் நன்னூலார் வகுத்துள்ளார். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஆளின் பெயர் மட்டுமன்று, ஒருநாட் கூலியுமாகும். வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. உழைப்புச் சக்தியை விலைப்படுத்தும் உறவு ஒரு சொல்லின் பொருளை எவ்வாறு மாற்றிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களை 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணியதும் தொகையினாலேயே: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், பின்னர் தீர்மானிக்க 150,000 பேர். எஞ்சிய அத்தொகையும் 1974இல் பாதிபாதியாக, 75,000 வீதம், பங்கிடப்பட்டது. மகன் ஒரு தொகையிலும் தாய் மற்றொன்றிலும் அகப்பட்ட குடும்பங்கள் லயங்களில் இருந்தன. அங்கு வழங்கிய பேச்சில் அவர்கள் ‘அம்மாவும் அண்ணனும் நானும்’ என்றே இருந்தனர்.