மாடிப் பந்தல்: காற்றைக் கணக்கிட்டு வாங்குவோம்

கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. நம் கடற்கரை ஊர்களில் சிறு வணிகர் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் அமைந்திருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் காங்கிரீட் தளம் பகல் முழுவதும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. மாடியில் ஒரு பந்தல் போட்டால் வீடும் குளிரும், மாலையில் உட்காரவும் ஓர் இடம் கிடைக்கும் என்று எண்ணுவது நியாயமே. ஆனால் கடையில் போய் நின்றால் நிறத்தையும் விலையையும் மட்டுமே கேட்டு வாங்கி வருகிறோம். இங்கே பந்தலுக்கு முதல் எதிரி வெயில் அல்ல, காற்றுதான்.

கீழவாஞ்சூரையே எடுத்துக்கொள்வோம். காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டிக் கடலோரமாக அமைந்த ஊர். கடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்க இடையில் மலையும் இல்லை, மேடும் இல்லை. 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயல் நாகப்பட்டினம் அருகே கரை கடந்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகில் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அந்த இரவில் இந்தப் பகுதியில் எத்தனை கூரைகள் பறந்தன என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதில்லை.

காற்றின் எடை

காற்றுக்கு என்ன எடை என்று நினைக்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரை கிலோ வீதம் அழுத்துகிறது. பத்தடிக்குப் பத்தடிப் பந்தல் என்றால் 440 கிலோவுக்குக் குறையாது. இது ஒன்பது மூட்டை அரிசியின் பாரம். அதுவும் பந்தலை மேலே தூக்கும் பாரம். வேகம் இரு மடங்கானால் பாரம் நான்கு மடங்காகும். பந்தல் காலை ஒரு கன அடி காங்கிரீட் கட்டியில் நட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கன அடி காங்கிரீட் சுமார் 68 கிலோதான். நான்கு காலுக்கு நான்கு கட்டி வைத்தாலும் 272 கிலோவுக்கு மேல் வராது. கணக்கு நேராகவில்லை.

ஆகவே இங்கே நல்ல பந்தலுக்கு இலக்கணம் ஒன்றே: அவசரத்துக்கு இரண்டு பேர் அரை மணியில் கழற்றி உள்ளே வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எதை வாங்குவது?

தென்னங்கீற்று குளுமை தரும், விலையும் குறைவு. ஆனால் தீப்பொறிக்கு அஞ்ச வேண்டும், மழைக்குப்பின் மக்கிவிடும். தகரக் கூரை உழைக்கும். ஆனால் ஒரு தகடு பிடி தளர்ந்து பறந்தால் அது அரிவாளுக்குச் சமம். கல்நார் தகட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. வீட்டு மாடிக்கு அது வேண்டாம்.

வெயிலுக்கு மட்டும் என்றால் பச்சை நிழல்வலை போதும். ஓட்டை வழியே காற்று ஓரளவு புகுந்து போவதால் பாரம் குறைகிறது. மழைக்கும் வேண்டுமானால் கித்தானோ தார்ப்பாயோ போடலாம்.

தார்ப்பாய் வாங்கும்போது நம் தொழில் புத்தியைப் பயன்படுத்துவோம். பாயின் மேல் 200 ஜிஎஸ்எம் என்று அச்சிட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் 200 கிராம் இருக்க வேண்டும் என்று பொருள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடிப் பாய் சுமார் 20 சதுர மீட்டர். எனவே எடை 4 கிலோ வர வேண்டும். நம் தராசிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். மூன்று கிலோதான் நின்றால், அந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாம்.

பொருத்தும் முறை

மாடித் தட்டோட்டைத் துளைத்துக் கால் நடக்கூடாது. அந்தத் துளை வழியே இறங்கும் மழைநீர் கடையில் அடுக்கிய சர்க்கரை, பருப்பு மூட்டைகளில்தான் வந்து நிற்கும். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரையும் நம்பக்கூடாது. அது பந்தலோடு சேர்ந்தே சாயும். தூண், உத்தரம் இவற்றில் கொத்தனாரைக் கலந்து பிடிமானம் தர வேண்டும். பத்தடி நீளத்துக்கு இரண்டடியாவது சரிவு இருக்கட்டும். பாயில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கினாலே நூறு சதுர அடிக்கு 470 கிலோ ஏறிவிடும். மின்கம்பி அருகே இரும்புக் குழாய் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தரக் கூரை என்றால் கொம்யூன் பஞ்சாயத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பராமரிப்பு

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். துத்தநாக முலாம் பூசிய குழாயாகவே வாங்குக. அறுத்த முனையிலும் துளையிட்ட இடத்திலும் முலாம் போய்விடுவதால், அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிப் பாயையும் குழாயையும் கழுவினால் உப்பு தங்காது. நன்றாக உலர்ந்த பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்த கித்தானில் பூஞ்சை பிடிக்கும். மடித்ததை மூட்டைகளின் நடுவே திணித்தால் எலி கடிக்கும். உத்தரத்தில் கட்டித் தொங்கவிடலாம். வெயிலில் கிடந்த நைலான் கயிறு பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே பலம் இழந்திருக்கும். ஆண்டுதோறும் புரட்டாசியில் கயிறு, போல்ட், கண்ணி அனைத்தையும் பார்த்து, சந்தேகமுள்ளதை மாற்றிவிடுவோம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வானொலி, தொலைக்காட்சிச் செய்தியைக் கவனிப்போம். துறைமுகத்தில் 3-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், உள்ளூரிலேயே பலத்த காற்றுக்கு வாய்ப்பு என்று பொருள். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். பாயையும் வலையையும் அவிழ்த்துவிடுவோம். இருட்டில், காற்று தொடங்கிய பின் மாடி ஏறுவதுதான் ஆபத்து. பையன்களை அப்போது மேலே அனுப்பக்கூடாது.

காப்பீடு எடுத்திருப்பவர்கள் மாடிப் பந்தலும் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளட்டும். போன பாயை மறுபடி வாங்கிவிடலாம். நம் மாடித் தகடு பறந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் விழுந்தால், அதை எந்தப் பேரேட்டிலும் சரிக்கட்ட முடியாது.