ரப்பர் செருப்பாகும் கதை

உங்கள் ஹவாய் செருப்பைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழும்; விரலை எடுத்ததும் நிமிர்ந்துவிடும். அடுத்து, ரப்பர் சோல் வைத்த ஷூ ஒன்றின் அடிப்பாகத்தை அழுத்துங்கள். எளிதில் அசைந்து கொடுக்காது. இரண்டும் ரப்பர்தான்! அப்படியானால் ஒன்று மெத்தென்றும் மற்றொன்று கெட்டியாகவும் இருப்பது எப்படி?

இதற்கான விடை ரப்பர்த் தொழிற்சாலையில் இருக்கிறது. பெரம்பூர்வாசிகளுக்கு அது தொலைதூரத்துச் சங்கதி அல்ல. வடகிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள திருவொற்றியூரில்தான் 1946-ஆம் ஆண்டு கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் ரப்பரைத் தயாரிக்கலானார். அதுவே எம்.ஆர்.எஃப். நிறுவனமாக வளர்ந்தது. பலூனோ, டயரோ, செருப்போ, எல்லாவற்றுக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றே.

பிசைதல்

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்ப் பாலை அமிலமிட்டு உறையவைத்து, தகடாக்கி, புகையூட்டி உலர்த்துகிறார்கள். தொழிற்சாலைக்கு வரும் இந்த விறைப்பான தகட்டை, வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கிடையே விட்டுப் பிசைகிறார்கள். அது இளகியதும் துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், உறுதிக்காகக் கரித்தூள் அல்லது களிமண்தூள் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். கந்தகத்தைக் கடைசியில்தான் போடுவார்கள். ஏன் தெரியுமா? உருளைகளின் உராய்வில் சூடு பிறக்கிறது. கந்தகம் முன்னரே சேர்ந்தால், அச்சுக்குப் போகுமுன்பே ரப்பர் வெந்துவிடும்!

வேகவைத்தல்

ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். பச்சை ரப்பரில் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். அதனால் வெயிலில் பிசுபிசுக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே பாலம் கட்டுகின்றன. இதற்கு வல்கனைசேஷன் என்று பெயர்.

சோல் செய்ய, பிசைந்த ரப்பரை வெட்டி அச்சில் வைத்து, சுமார் 150 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் அழுத்துகிறார்கள். ஓரத்தில் பிதுங்கிய பிசிறை நறுக்கினால் சோல் தயார். வெந்த இட்லியை மீண்டும் மாவாக்க முடியாதல்லவா? இதுவும் அப்படித்தான். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு, மூன்று பங்கு கந்தகம் போதும். முப்பது பங்கு சேர்த்தால் எபொனைட் என்னும் கட்டிப் பொருளாகிவிடும்.

காற்றறைகள்

ஹவாய் செருப்புக்கு இன்னொரு பொருளும் சேர்கிறது. சூடேறும்போது அது சிதைந்து நைட்ரஜன் வாயுவை வெளிவிடும். மூடிய அச்சுக்குள் வாயு அடைபட்டிருக்கும். அச்சைத் திறந்ததும், ரப்பர்த் தகடு அச்சைவிடப் பெரிதாகி வெளியே துள்ளும்! உள்ளே எண்ணற்ற நுண்ணறைகள். எனவேதான் இதை நுண்ணறை ரப்பர் என்கிறோம்.

உணர்ச்சியற்ற கால்களுக்காக

தொழுநோயில் நரம்புகள் பாதிக்கப்படுவதால் பாதம் வலியை உணராது. முள் குத்தினாலும் தெரியாமல் நடப்பவருக்குப் புண் ஆழமாகும். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் இத்தகையோருக்கு நுண்ணறை ரப்பர்ச் செருப்பைப் பயன்படுத்தினார்கள். பாதத்தைத் தொடும் மேலடுக்கு மெத்தென்ற நுண்ணறை ரப்பர். அது உடலின் எடையைப் பாதம் முழுவதும் பரவச் செய்யும். கீழடுக்கு, முள் துளைக்காத கெட்டி ரப்பர். ஆணி மட்டும் கூடாது! தொடக்கத்தில் நீங்கள் அழுத்திப் பார்த்த இரண்டு ரப்பர்களும் இங்கே ஒன்று சேர்ந்துவிட்டன, பார்த்தீர்களா?

நீரிழிவு நோயினாலும் பாதம் மரத்துப் போவதுண்டு. உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அந்நோய் இருந்தால், அவர்கள் வெளியே கிளம்புமுன் செருப்பின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கல்லோ முள்ளோ இருந்தால், அவர்கள் கால் சொல்லாததை உங்கள் விரல் சொல்லிவிடும்.